கத்தி துடைத்த துணி

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை அக்கா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது கூடவே உட்கார்ந்திருந்த, எங்கள் கம்பெனியில் ஜப்பான் பேச்சை மொழிபெயர்க்கிற பார்கவி அக்கா எனக்குச் சொன்னது. அதையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை, கேன்டீனில் மூன்று மத்தியானம் உட்கார்ந்து துண்டு துண்டாகச் சொன்னார்கள். கொஞ்சம், இது யாருக்கு நடந்ததோ அந்த ஜெனோவாவிடமே கேட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நடுவில் விட்டுப்போன இடங்களை நானாக நிரப்பியிருந்தால் அது என் தப்பு.

நீங்கள் சிரித்ததால்தான் சொல்கிறேன். பரோட்டா போடுகிற அண்ணனிடம் போய், இந்தக் கல்லில் இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க என்று கேட்டேனே, அதற்குத்தானே சிரித்தீர்கள். அவரும்தான் சிரித்தார். எனக்கு ஒத்துக்கொள்ளாதது ஒன்றும் இல்லை அக்கா, எல்லாம் சேரும். கேட்டுப் பழகிக்கொள்கிறேன், அவ்வளவுதான். கூச்சப்படாமல் கேட்க வரவேண்டும் இல்லையா. அடுத்த வியாழக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஜெனோவாவைக் கூட்டிக்கொண்டு போன அதே கடைக்கு.

வண்டி கிளம்பிவிடாதே? டிரைவர் இன்னும் டீதான் குடிக்கிறார். சரி.

எங்கள் கம்பெனி ஒரகடத்தில் இருக்கிறது. காருக்குள் ஓடுகிற ஒயர்களின் முனையில் மாட்டுகிற பிளாஸ்டிக் கனெக்டர் செய்கிறோம். தாய்க் கம்பெனி ஜப்பானில், நகோயாவில். வருடத்துக்கு இரண்டு பேரை ஆறு மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்புவார்கள். போய்விட்டு வந்தால் வேலை நிரந்தரம். போகாதவர்களுக்கு டிரெய்னி காலம் மூன்று வருடம். அது முடிந்ததும் ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து, நல்லா இரும்மா என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் நகோயா என்றால் எங்களுக்கு ஊர் பார்க்கிற விஷயம் இல்லை. வேலை இருக்குமா, இருக்காதா என்கிற விஷயம்.

ஜெனோவாவுக்கு அப்போது இரண்டு வருடம் நான்கு மாதம் முடிந்திருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரம் அவள் ஊர். அப்பா விசைப்படகில் போகிறவர். என்னை மாதிரியே அவளும் முதல் பட்டதாரி. தாலுகா ஆபீசில் வரிசையில் நின்று அந்தச் சான்றிதழ் வாங்கித்தான் இரண்டு பேரும் காலேஜில் சேர்ந்தோம். வேறு வேறு தாலுகா, ஒரே சான்றிதழ். அது இருந்தால் ஃபீஸ் குறையும். ஆனால் அந்தச் சான்றிதழுக்கு வேறு ஒரு அர்த்தமும் உண்டு. பெரிய இடத்துச் சாப்பாட்டு மேஜையில் எப்படி உட்காருவது, பிடிக்காததை எப்படி வேண்டாம் என்று சொல்வது, மேலதிகாரி பேசும்போது குறுக்கே ஒரு வார்த்தை சொல்லலாமா கூடாதா, இதையெல்லாம் கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது என்று அர்த்தம்.

அவளுக்கு இறால் ஆகாது. இறால், நண்டு, சிங்கி இறால், எதுவும் ஆகாது. பதினொரு வயதில் ஒரு ஞானஸ்நான விருந்தில் இறால் தொக்கு சாப்பிட்டு, உதடு இரண்டும் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இனிமேல் வாசனைகூடப் பிடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் அதை யாரும் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏதோ அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். சித்தி ஒருத்தி விருந்துக்கு விருந்து சொல்லிக் காட்டுவாளாம்: "கடல்ல பொழைக்கிறவன் வீட்டுல எறாலைக் கண்டு ஓடுறவ வந்து பொறந்திருக்கா." அம்மாவுக்கு வேறு பயம்.

"ஏட்டி, வெளிய சொல்லிராத. மேலெல்லாம் தடிக்கும்னு சொன்னா தோல் வியாதின்னு ஆக்கிருவாளுவ. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேட்டா எவ பதில் சொல்ல?"

ஆகவே அவள் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக அந்தோணியார் இருந்தார். எந்த வீட்டில் இறால் பரிமாறினாலும், அந்தோணியாருக்கு நேர்ச்சை, இன்றைக்குக் கவிச்சி தொடமாட்டேன் என்று சொல்லிவிடுவாள். நேர்ச்சை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள், மரியாதைதான் கூடும். சென்னைக்கு வந்த பிறகும் ஹாஸ்டலில் அதே அந்தோணியார்தான். அது பொய்யில்லையா என்று கேட்டேன். "சாமி பேரைச் சொன்னா சண்டை வராது" என்றாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆனால் இந்த வித்தை நகோயாவுக்குச் செல்லாது. ஏன் என்றால், அவளுக்கு முந்தைய வருடம் போன இரண்டு பேரில் ஒருவர் பத்தொன்பதாவது நாள் திரும்பி வந்துவிட்டார். சாப்பாடு பிடிக்கவில்லை. அங்கே எதைப் பார்த்தாலும் மீன் வாடை, ஊறுகாய் பாட்டில் தீர்ந்ததும் படுத்துவிட்டாராம். எங்கள் மேனேஜர் தயாளமூர்த்தி சாருக்குப் பெரிய தலைகுனிவு. அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பட்டியலில் பேர் எழுதுவதற்கு முன்னால் ஆட்களை நகரத்தில் இருக்கிற ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். நகோயாவிலிருந்து வந்து தங்கியிருக்கிற அதிகாரி ஒகாபே சானும் வருவார், சான் என்றால் நம் ஊர் சார் மாதிரி. பேச்சுக்குத்தான் விருந்து. உண்மையில் பரீட்சை. யார் தட்டைக் காலி செய்கிறார்கள், யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்ப்பது. "எனக்கு எல்லாம் சாப்பிடற ஆளுதான் வேணும்" என்று மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சைவம், மாலை போட்டிருக்கேன், அதெல்லாம் ஊரோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பிறகு ஒரு ஃபாரம். அதில் உணவு ஒவ்வாமை என்று ஒரு கட்டம், உடல்நலக் குறைபாடு என்று ஒரு கட்டம். ஜெனோவா இரண்டிலும் இல்லை என்று எழுதினாள்.

இருங்கள், பை சாய்கிறது. இது ஒன்றுமில்லை அக்கா, மூச்சுக்கு இழுக்கிற மருந்து. பனிக்காலத்தில் மட்டும்தான். அங்கே ஜனவரியில் பனி கொட்டுமாம், அதனால் கையில் இருக்கட்டும் என்று புதிதாக ஒன்று வாங்கினேன். இல்லை, இதை ஃபாரத்தில் எழுதவில்லை. இது குறைபாடு என்று சொல்கிற அளவுக்கு இல்லையே. வருடத்தில் இரண்டு மாதம். அதை எப்படி எழுதுவது? இது வேறு, அது வேறு.

சுஷி தெரியுமா உங்களுக்கு? சாதத்தில் கொஞ்சம் காடியும் சர்க்கரையும் கலந்து, விரல் நீளத்துக்குப் பிடித்து, மேலே மீன் துண்டு வைப்பார்கள். பச்சை மீன். ஆமாம், வேகவைக்காதது. இன்னொரு வகை, கடல்பாசியைக் காகிதம் மாதிரி ஆக்கி அதில் சாதத்தையும் வெள்ளரிக்காயையும் சுருட்டி, வட்ட வட்டமாக வெட்டுவது. முகத்தை அப்படி வைக்காதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். ஜெனோவா வைக்கவில்லை. பச்சை மீன் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுடைய பயம் ஒன்றே ஒன்றுதான். தட்டில் இறாலும் நண்டும் எங்கே ஒளிந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல் அதை எப்படித் தாண்டுவது.

அவள் கம்பெனியில் குவாலிட்டியில், தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறவள் இல்லையா. பத்து நாள் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டாள். அதைக் காட்டினாள், நான் பார்த்தேன், இது மட்டும் நேரில் பார்த்தது. மூன்று பத்தி. சாப்பிடலாம், கூடாது, சந்தேகம். ஒவ்வொன்றுக்கும் ஜப்பான் பேர் தமிழ் எழுத்தில். எபி என்றால் இறால், கூடாது. கானி என்றால் நண்டு, கூடாது. நண்டுக்குச்சி என்று சிவப்புச் சாயம் பூசி ஒன்று வரும், அது மீன் கூழ்தான். இருந்தாலும் நண்டுச் சாறு சேர்ப்பார்கள், கூடாது. மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி, எண்ணெய் இறால் பொரித்த எண்ணெயாக இருக்கும், கூடாது. முட்டை அடை போட்டதுகூட சந்தேகம் பத்தியில் இருந்தது. சில சமையல்காரர்கள் அதில் இறாலை அரைத்துச் சேர்ப்பார்களாம். அவ்வளவு தூரம் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். சால்மன் சாப்பிடலாம். சூரை சாப்பிடலாம். வெள்ளரிக்காய்ச் சுருள், பக்கத்தில் இரண்டு டிக்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்க் கடை வாசலில் மாட்டியிருந்த மெனுவைப் படித்துவிட்டு வந்தாள். ஹாஸ்டலில் இரண்டு பென்சிலால் கொண்டைக்கடலையை எடுத்து எடுத்துப் போட்டுக் குச்சி பிடிக்கப் பழகினாள். பொருள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டாள் அக்கா. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அதற்கு வருகிறேன்.

அந்த வியாழக்கிழமை ஐந்து பேர். தயாளமூர்த்தி சார், ஒகாபே சான், மொழிபெயர்க்கப் பார்கவி அக்கா, ஜெனோவா, அவளோடு நாகமாணிக்கம் என்று இன்னொரு டிரெய்னி. நாகமாணிக்கம் திருத்தணிக்காரன், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான், வாயும் சும்மா இருக்காது. சமைக்கிறவருக்கு நேர் எதிரே நீளமாக ஒரு மரப்பலகை. அதன் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். சமைக்கிறவர் ஜப்பான்காரர், கொஞ்சம் வயதானவர். கையைக் கழுவிவிட்டு, முதல் வேலையாகப் பார்கவி அக்காவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். பார்கவி அக்கா தமிழில் சொன்னார்கள்: யாருக்காவது ஏதாவது ஒத்துக்காதா, அலர்ஜி உண்டா என்று கேட்கிறார்.

தயாளமூர்த்தி சார் யாரையும் பார்க்கவில்லை. "நம்ம பசங்களுக்கு அதெல்லாம் கெடையாதும்மா. கல்லக் குடுத்தாலும் செரிக்கும்னு சொல்லு" என்றார்.

நாகமாணிக்கம் சிரித்தான். பார்கவி அக்கா உடனே மொழிபெயர்க்கவில்லை. ஒரு நொடி டிரெய்னி இரண்டு பேர் பக்கமும் பார்த்தார்களாம், தலை ஏதாவது நிமிருமா என்று. ஜெனோவா அந்த நொடியைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் பேசினாள். வாய் திறந்ததாம். வார்த்தையும் இருந்ததாம். எனக்கு இறால் ஆகாது, மூன்றே சொல். ஆனால் சார் ஒரு தடவை இல்லை என்று சொன்ன பிறகு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது, அதுவும் ஒகாபே சான் முன்னால். ஃபாரத்தில் வேறு இல்லை என்று எழுதியிருக்கிறது. அவள் சிரித்தாள். பார்கவி அக்கா மொழிபெயர்த்துவிட்டார்கள். சமைக்கிறவர் தலையை ஆட்டிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சால்மன் வந்தது, சாப்பிட்டாள். சூரை வந்தது, சாப்பிட்டாள். பச்சை மீனை அவள் சாப்பிடுகிற அழகைப் பார்த்து ஒகாபே சான் ஏதோ சொன்னார். இவள் கடற்கரைக்காரி, அதனால்தான் என்று சார் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். இறால் வைத்த உருண்டை வந்தபோது, நாகமாணிக்கத்துக்கு இறால்னா உயிரு சார் என்று தன்னுடையதையும் அவன் தட்டில் குச்சியால் தூக்கி வைத்தாள். இறால் பட்ட அந்தக் குச்சியைக் கைதவறி விழுகிற மாதிரி கீழே போட்டுவிட்டு வேறு கேட்டு வாங்கிக்கொண்டாள். அவ்வளவு கவனம். எல்லாரும் சிரித்தார்கள். நாகமாணிக்கம், "என்ன மேடம், எனக்கு நகோயால சமைச்சுப் போடவும் வருவீங்களா" என்றான். பாதிப் பரீட்சை முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அடுத்தது சுருள். நாகமாணிக்கத்துக்கு இறால் சுருள், இவளுக்கு இவள் கேட்ட வெள்ளரிக்காய்ச் சுருள். கண் முன்னால்தான் நடக்கிறது. சமைக்கிறவர் இறால் சுருளை ஆறு துண்டாக வெட்டினார். ஈரத்துணி ஒன்றில் கத்தியை இந்தப் பக்கம் ஒரு இழு, அந்தப் பக்கம் ஒரு இழு. துணியை மடித்து வைத்தார். அதே பலகையில் வெள்ளரிக்காய்ச் சுருளை வைத்து, அதே கத்தியால் ஆறு துண்டாக வெட்டினார்.

ஜெனோவா பார்த்தாள் அக்கா. பார்க்கவில்லை என்று இல்லை. பார்த்தாள்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் என்னவென்றால், எங்கள் வேலையே அதுதான். லைன் கிளியரன்ஸ் என்று சொல்வோம். ஒரு மாடல் ஓடி முடிந்து அடுத்த மாடல் தொடங்குவதற்கு முன்னால், மேஜையில், டிரேயில், கீழே தரையில், எங்கேயும் பழைய பீஸ் ஒன்றுகூட இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். பழையது ஒன்று புதியதோடு கலந்துவிட்டால் முழு லாட்டும் போச்சு. தினமும் காலையில் ஏழு மணிக்கு அந்தக் கையெழுத்தைப் போடுகிறவள் ஜெனோவா. ஒரு நாள் ஒரு ஆபரேட்டர் டிரேயைத் துணியால் சும்மா துடைத்துவிட்டு முடிஞ்சிடுச்சு மேடம் என்றதற்கு, லைனையே நிறுத்திக் கழுவ வைத்தவள். அவள் பட்டியலில் மூன்று பத்தி இருந்தது, எல்லாம் பொருள். கத்தி இல்லை. பலகை இல்லை. துணி இல்லை.

ஏன் விட்டாய் என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. பொருளை நானே பார்த்து ஒதுக்கிக்கலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்றாள். கத்தியைக் கழுவு என்றால் வாயைத் திறந்து கேட்கவேண்டும். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்கவே கூடாது என்று முடிவு செய்துவிட்டுப் போட்ட பட்டியலில், கேட்டால்தான் நடக்கிற ஒன்றை எப்படி எழுதுவது?

தட்டு வந்தது. ஒகாபே சான் சாப்பிடு என்று கையைக் காட்டினார். சார் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வெட்டில் விழுந்த ஓரத்துத் துண்டை விட்டுவிட்டு, கடைசி வெட்டுத் துண்டை எடுத்தாள். கத்தி அதற்குள் துடைபட்டிருக்கும் என்று ஒரு கணக்கு. ஒரே ஒரு துண்டு.

ஐந்து நிமிடம்கூட இருக்காது. நாக்கில் அரிப்பு. அப்புறம் உள்ளங்கை. தேநீரைக் குடித்துப் பார்த்தாள். மன்னிக்கவேண்டும் என்று எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். பையில் அரிப்பு மாத்திரை எப்போதும் வைத்திருப்பாள், அதைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் கழுத்து முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவந்து கிடந்தது. யாராக இருந்தாலும் அங்கேயிருந்து கத்தியிருப்பார்கள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? துப்பட்டாவை இரண்டு சுற்றாகக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். இன்னும் அரைமணி நேரம், விருந்து முடிந்துவிடும், பேர் எழுதிவிடுவார்கள், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். அரைமணி நேரம் மூச்சு நிற்கும் என்று நினைத்தாளாம்.

கண்ணில் தண்ணீர் ஓடியது. நாகமாணிக்கம் பார்த்துவிட்டு, "மேடத்துக்கு வசாபி மண்டைக்கு ஏறிடுச்சு டோய்" என்றான். வசாபி என்பது பச்சையாக ஒரு காரம், மூக்கில் ஏறும். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஆமாம் என்று தலையாட்டினாள். தண்ணீர் நகர்த்தி வைத்தார்கள். இன்னொரு வாய் சாப்பிடும்மா, சரியாயிடும் என்று சார் சொன்னார். அவள் இன்னொரு துண்டை எடுத்தாள்.

எடுத்தாள், வாயில் வைக்கவில்லை. குச்சி நழுவிவிட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த சமைக்கிறவர்தான் முதலில் கண்டுபிடித்தார். அவள் உதட்டைப் பார்த்திருக்கிறார். ஏதோ ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார். ஒகாபே சான் எழுந்து அவளை அப்படியே தரையில் படுக்க வைத்தார். அதற்குள் மூச்சு விசில் மாதிரி வர ஆரம்பித்துவிட்டது.

கம்பெனிக் காரிலேயே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்கிறார். வெறும் வெள்ளரிக்காய் சார், சத்தியமா வெள்ளரிக்காய் என்கிறார் தயாளமூர்த்தி சார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான். ஜெனோவாவுக்குக் குரல் வரவில்லை. பார்கவி அக்காவின் செல்லை வாங்கி டைப் செய்தாள். இறால். சின்ன வயசிலிருந்து. அப்புறம்தான் தொடையில் ஊசி போட்டார்கள்.

பிழைத்துவிட்டாள் அக்கா. நேற்றுகூட லைனில் பார்த்தேன். பயப்படாதீர்கள்.

அந்த டாக்டர் போகும்போது அவளிடம் ஒன்று சொன்னாராம். கடையில் சொல்லியிருந்தால் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேறு பலகை எடுத்திருப்பார்கள், கையுறை மாற்றியிருப்பார்கள், உனக்கு முதலில் செய்து கொடுத்துவிட்டு இறாலை அப்புறம் எடுத்திருப்பார்கள். இவ்வளவுதான் விஷயம் என்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும் ஜெனோவா என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங் அறையில் கூப்பிட்டார்கள். நாகமாணிக்கம் இல்லை, மற்ற நான்கு பேரும். ஒகாபே சான் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். பார்கவி அக்கா தமிழில் சொன்னார்கள்: சமைக்கிறவர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்.

ஜெனோவா ஒகாபே சானைப் பார்க்கவில்லை. தயாளமூர்த்தி சாரைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா என் பேரை எழுதியிருப்பீங்களா சார்?"

சார் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாராம். ஒகாபே சான் பார்கவி அக்காவைத் திரும்பிப் பார்த்தார், என்ன சொல்கிறாள் என்று. சாரும் பார்கவி அக்காவைப் பார்த்தார்.

பார்கவி அக்கா சொன்னார்கள்: அவள் மன்னிப்புக் கேட்கிறாள்.

இதை என்னிடம் சொன்னது பார்கவி அக்காவேதான். மூன்றாவது நாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. மேனேஜர் முன்னால் அப்படி ஒரு வாக்கியத்தை எப்படி மொழிபெயர்ப்பது? அவர்களும் கான்ட்ராக்ட்தான், வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும். நானும் அதைத்தான் செய்திருப்பேன். என்ன அக்கா? இல்லை, ஜெனோவா செய்தது வேறு. அவள் உடம்பு விஷயத்தை மறைத்தாள். இது வேலை விஷயம்.

ஒகாபே சான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். உடம்புக்கு ஒன்று ஆகாமல் இருப்பது குற்றமில்லை. ஆனால் கேட்ட பிறகும் மறைப்பவரை நகோயாவில் லைனில் நிறுத்த முடியாது, அங்கே ஒரு சின்னக் கீறலைக்கூட மறைக்கக்கூடாது என்பதுதான் முதல் பாடம். காரணம் ஒன்றும் இல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பேரை அடித்துவிட்டார்கள். ஒரு தடவை அடித்தால் மறுபடி எழுத இரண்டு வருடம் ஆகும். ஜெனோவாவுக்கு அப்போது மிச்சம் இருந்தது எட்டு மாதம்.

நாகமாணிக்கம் நகோயாவுக்குப் போய்விட்டான். நன்றாக இருக்கிறானாம், எல்லாம் சாப்பிடுகிறானாம்.

ஜெனோவா இப்போது எப்படி ஆகிவிட்டாள் தெரியுமா? அந்தோணியாரை விட்டுவிட்டாள். யாரும் கேட்கவே வேண்டாம், கேன்டீனில் தட்டை எடுத்ததும், அண்ணே எனக்கு இறால் நண்டு ஆகாது, மூச்சு நின்னுடும், கரண்டி தனியா என்று கணீரென்று சொல்கிறாள். வெண்பொங்கலுக்கும் சொல்கிறாள். கேன்டீன் அண்ணன் அவளுக்கு எறா மேடம் என்று பேர் வைத்துவிட்டார். ஊருக்குப் போனபோது அம்மாவிடமும், தெருவில் நான்கு பேர் இருக்கும்போது சொல்லிவிட்டாளாம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு இடத்தில் இன்டர்வியூ. அங்கே கொடுத்த ஃபாரத்திலும் அந்தக் கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டுத்தான் பேரையே எழுதினாளாம்.

ஹாரன் நம் வண்டியா? இல்லை, அது மதுரை வண்டி.

எனக்கு என்னவோ ராத்திரி தூக்கம் வருவதில்லை அக்கா. வியாழக்கிழமை நினைப்பாகவே இருக்கிறது. குச்சி பிடிக்க வந்துவிட்டது, பச்சை மீனும் ஒரு தடவை வாங்கித் தின்று பார்த்துவிட்டேன், முழுங்க முடிகிறது. எனக்கு ஒத்துக்கொள்ளாதது ஒன்றும் இல்லை, மறைக்க ஒன்றும் இல்லை. பிறகு ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்று தெரியவில்லை. தயாளமூர்த்தி சார் நல்லவர்தான். பார்கவி அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கேள்விப்பட்ட கதையை அப்படியே நம்பிவிடக்கூடாது என்று எனக்கு ஒரு பழக்கம். ஜெனோவாவின் பட்டியல், டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சரிபார்த்தேன். கூடவே, அவள் போயிருந்தால் அங்கே ஆறு மாதம் எப்படிச் சமாளித்திருப்பாள், எதைத்தான் சாப்பிட்டிருப்பாள் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நாகமாணிக்கத்துக்கு மெசேஜ் போட்டு, நகோயாவில் அவன் ஹாஸ்டல் பக்கத்துக் கடையில் ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்கவி அக்கா அதைப் படித்துச் சொன்னார்கள். நம்பாமல் அந்த நாட்டு அரசாங்கப் பக்கத்தையும் தேடிப் பார்த்தேன், ஆங்கிலத்தில் இருக்கிறது, இரண்டு தடவை படித்தேன். ஜப்பானில் பாக்கெட்டில் அடைத்து விற்கிற சாப்பாடு எதுவானாலும், அதில் இறாலோ நண்டோ சேர்ந்திருந்தால், சேர்ந்திருக்கிறது என்று மேலே அச்சடித்தே ஆகவேண்டும். அங்கே அது சட்டம். யாரும் வாயைத் திறந்து கேட்கவே வேண்டாம்.